நம்ம தெருப் பூங்காவைச் சீரமைக்கணும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் நகர்ப் பூங்கா ஒன்பது கிரவுண்டு. 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த புறநகர்ப் பகுதி இது. அதற்கு முன் ஊராட்சி. பூங்காவை இரண்டு முறை சீரமைத்தார்கள். முதல் முறை எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை, நாங்களும் வாய் திறக்கவில்லை. இரண்டாம் முறை நலச்சங்கத்தில் ஐந்தாறு பேர் கிளம்பி, தெருத் தெருவாகக் கருத்துக் கேட்டு, அதை மாநகராட்சியிடம் கொண்டுபோனோம். அதிலிருந்து பக்கத்து நகர்களில் இருந்தெல்லாம் போன். வருகிற கேள்விகளும் பெரும்பாலும் ஒரே மாதிரி. கேட்டவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். விதிமுறை என்று வரும் இடங்களில் சென்னையை வைத்துச் சொல்கிறேன்.

பார்க் கார்ப்பரேஷனோடது. அவங்க பார்த்துக்க மாட்டாங்களா? நாம எதுக்கு நடுவுல?

பார்த்துக்கொள்வார்கள். முதல் முறை எங்களுக்கும் பார்த்துச் செய்துகொடுத்தார்கள். கிழக்குச் சுவரையொட்டி, மேற்கு வெயில் நேராக விழும் இடத்தில், வரிசையாக ஆறு கடப்பா கல் பெஞ்ச். பார்வைக்கு அழகு. மாலை நாலரை மணிக்கு உட்கார்ந்தால் உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவீர்கள். இரும்புச் சறுக்குமரம் வெட்டவெளியில் இருந்ததால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் வெறும் காட்சிப்பொருள். ஊஞ்சல் வைத்த மூலையில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் கணுக்காலுக்கு நிற்கும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. பொறியாளர் தலையில் பத்து வேலை. அவர் பூங்காவைப் பார்ப்பது பகல் பதினொரு மணிக்கு, அரை மணி நேரம். எந்த மூலையில் தண்ணீர் நிற்கும், எந்தச் சுவரைத் தாண்டிப் பையன்கள் குதிப்பார்கள், சாயங்காலம் நிழல் எங்கே விழும் என்பதெல்லாம் தினமும் அங்கே புழங்குபவருக்குத்தான் தெரியும். அந்த விவரம் எஸ்டிமேட் போடுவதற்கு முன்னால் அவர் கைக்குப் போய்ச் சேர வேண்டும். நம் வேலை அவ்வளவுதான்.

அது நிஜமாவே பார்க் இடம்தானான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

நல்ல கேள்வி, இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். மனைப்பிரிவு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இப்போதுள்ள விதிப்படி 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளிக்கு ஒதுக்க வேண்டும். ஓ.எஸ்.ஆர். இடம் என்று சொல்வது இதைத்தான். 10,000 சதுர மீட்டரைத் தாண்டினால் இடத்துக்குப் பதில் பணம் கட்டித் தப்பிக்கவும் முடியாது. தானப் பத்திரம் எழுதி ஒப்படைத்தே ஆக வேண்டும்.

பழைய மனைப்பிரிவுகளில்தான் சிக்கல். வரைபடத்தில் 'பூங்கா' என்று இருக்கும், ஆனால் பட்டா பழைய உரிமையாளர் பெயரிலேயே கிடக்கும். அப்படி இருந்தால் மாநகராட்சி பெயருக்கு மாற்றச் சொல்லி எழுதிக்கொடுத்துவிட்டு அப்புறம் ஊஞ்சலைப் பற்றிப் பேசுங்கள். பூங்கா, விளையாட்டுத் திடல்களைப் பாதுகாக்க 1959-லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் கையில் காகிதம் இல்லாமல் சட்டத்தைக் காட்டி என்ன செய்வது?

முதல்ல யாரைப் போய்ப் பார்க்கணும்?

வார்டு கவுன்சிலர், உங்கள் வார்டின் உதவிப் பொறியாளர், மாநகராட்சியின் பூங்காத் துறை. மூவருக்கும் ஒரே கடிதம். கடைசிப் பிரதியில் சீல் வைத்துத் தேதி போட்டு வாங்காமல் திரும்பாதீர்கள். மாநகராட்சியின் புகார் எண் 1913-க்குப் போன் செய்தால் எரியாத விளக்கு எரியும், உடைந்த கதவைச் சரிசெய்வார்கள். சீரமைப்புத் திட்டத்துக்கு அந்த வழி உதவாது.

இதோடு பகுதி சபாக் கூட்டத்தையும் விடாதீர்கள். 2022-ல் வந்த விதிகளின்படி நகர்ப்புறத்திலும் வார்டுகளைப் பகுதிகளாகப் பிரித்து, கவுன்சிலர் தலைமையில் மக்கள் கூட்டம் நடத்த வேண்டும். கிராம சபை மாதிரிதான், ஆனால் இப்படி ஒன்று நடப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. அங்கே பூங்காவைப் பற்றிப் பேசி, பேசியதைப் பதிவேட்டில் எழுத வைத்தால், அதற்குத் தனி கனம் உண்டு. எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் குரூப்ல ஒரு போல் போட்டா போதாதா? எல்லாரும்தான் இருக்காங்களே.

எல்லாரும் இல்லை. எங்கள் குரூப்பில் இருந்தது வீட்டு உரிமையாளர்கள். வாடகைக்கு இருப்பவர்களில் கால்வாசிப் பேர்கூட இல்லை. பள்ளிப் பிள்ளைகள் இல்லை. பூங்கா வாசலில் தள்ளுவண்டி போட்டுத் துணி தேய்ப்பவர் இல்லை. முதலில் நாங்களும் போல்தான் போட்டோம். ஓபன் ஜிம்முக்கு ஏகப்பட்ட ஓட்டு. பிறகு விசாரித்தால், ஓட்டுப் போட்டதில் பலர் மாடியில் சொந்தமாக டிரெட்மில் வைத்திருப்பவர்கள்.

போலுக்கு முன்னால் எண்ணிப் பாருங்கள். ஒரு வேலைநாள், ஒரு ஞாயிறு. காலை ஐந்தரையில் இருந்து இரவு எட்டரை வரை, மணிக்கு ஒருமுறை ஒருவர் ஒரு சுற்று நடந்து, யார் எங்கே என்ன செய்கிறார்கள் என்று கோடு போட வேண்டும். ஆண், பெண், குழந்தை, முதியவர். நடை, உட்கார்தல், விளையாட்டு, தூக்கம். பேர் எழுத வேண்டாம், போட்டோ எடுக்கவே வேண்டாம். ஒரு நோட்டும் பேனாவும் போதும். கல்லூரி விடுமுறையில் இருந்த இரண்டு பிள்ளைகள் எங்களுக்குச் செய்துகொடுத்தார்கள். கூட்டத்தில் 'எனக்குத் தோணுது' என்று ஆரம்பிப்பவரிடம் காட்ட அந்த நோட்டு மாதிரி வேறொன்று கிடையாது.

பார்க்குக்கே வராதவங்ககிட்ட போய் எதுக்குக் கேக்கணும்?

வருபவர்களைக் கேட்டால் இருக்கிற பூங்காவையே கொஞ்சம் மெருகேற்றிக் கேட்பார்கள். நடைபாதைக்கு விளக்கு, இன்னும் நாலு பெஞ்ச். தப்பில்லை. ஆனால் அந்தப் பூங்கா யாரை வாசலோடு திருப்பி அனுப்புகிறது என்று அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

எங்கள் நோட்டில் பகல் பதினொன்றில் இருந்து நாலு வரை ஒரு கோடுகூடக் கிடையாது. ஏனென்றால் அந்த நேரம் பூங்காவுக்குப் பூட்டு. ஆனால் அதே நேரம் வாசலுக்கு வெளியே, வேப்ப மர நிழலில், நடைபாதை விளிம்பில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வீட்டு வேலை முடித்து அடுத்த வீட்டுக்குப் போவதற்குள் டிபன் பாக்ஸைத் திறந்த அக்காக்கள் மூன்று பேர், உணவு டெலிவரி செய்யும் தம்பிகள், ஒரு கூரியர்காரர். உள்ளே ஆறு பெஞ்ச் காலி. என்ன வேண்டும் என்று அந்த அக்காக்களில் ஒருவரிடம் கேட்டேன். "கதவைத் தொறந்து வெச்சா போதும் சார், குடிக்கத் தண்ணி இருந்தா இன்னும் நல்லது" என்றார். எங்கள் பட்டியலிலேயே செலவு குறைந்த கோரிக்கை அதுதான். எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் அது வந்திருக்காது.

மீட்டிங் போட்டா நாலு பேரே பேசறாங்க. மத்தவங்க கருத்தை எப்படி வாங்கறது?

அந்த நாலு பேரில் நானும் ஒருவன். அனுபவத்தில் சொல்கிறேன்: மைக்கை வைக்காதீர்கள். பூங்காவின் வரைபடத்தைப் பெரிய சார்ட் தாளில் வரைந்து, மாலை ஆறு மணிக்கு வாசல் பக்கம் ஒரு மேஜையில் விரித்தோம். பக்கத்தில் இரண்டு அட்டை ஸ்டிக்கர் பொட்டு, ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. பிடித்த இடத்தில் பச்சைப் பொட்டு, பிடிக்காத அல்லது பயமாக இருக்கும் இடத்தில் சிவப்பு. ஆண்கள் முதலில் சிரித்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒரு தாத்தா ஆரம்பித்து வைத்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் மோட்டார் ரூமுக்குப் பின்புறம் முழுக்கச் சிவப்பு. அத்தனை பொட்டும் பெண்கள் வைத்தவை. அதுவரை எந்தக் கூட்டத்திலும் மோட்டார் ரூம் என்ற பேச்சே எழுந்ததில்லை.

அடுத்த வாரம் புளியங்கொட்டை. ஆளுக்குப் பத்து கொட்டை, எட்டு கிண்ணம்: விளக்கு, கழிப்பறை, நடைபாதை, விளையாட்டுப் பொருள், மரம், குடிநீர், ஓபன் ஜிம், காவலாளி. கிண்ணத்தின் மேல் எழுத்தோடு படமும் ஒட்டினோம். எல்லாம் வேண்டும் என்று சொல்வது சுலபம். கையில் பத்தே கொட்டை என்றால் முகம் மாறிவிடும். குழந்தைகளுக்குத் தனிக் கிண்ணம் வையுங்கள். இல்லாவிட்டால் அம்மா சொல்கிற கிண்ணத்தில்தான் போடுவார்கள். போலில் முதலிடம் பிடித்த ஓபன் ஜிம், புளியங்கொட்டையில் ஆறாவது இடத்துக்குப் போனது.

எஸ்டிமேட் எஸ்டிமேட்னு சொல்றீங்களே, அதுல அப்படி என்ன இருக்கு?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. எந்த வேலை, என்ன அளவு, என்ன பொருள், என்ன விலை என்று வரிவரியாக எழுதிய மதிப்பீடு. நிர்வாக அனுமதி, டெண்டர், கான்ட்ராக்டர், பில் எல்லாமே அதை வைத்துத்தான். கூட்டத்தில் எல்லாரும் தலையாட்டியது எஸ்டிமேட்டில் ஒரு வரியாக ஏறாவிட்டால், கான்ட்ராக்டருக்கு அதைச் செய்ய வழியில்லை. செய்தாலும் பணம் வராது. டெண்டர் போன பிறகு 'பெஞ்சைக் கொஞ்சம் நிழலில் போடுங்க' என்பதாவது நடக்கும். 'கழிப்பறை கட்டுங்க' நடக்காது.

அதனால் பொறியாளரிடம் வெறும் கோரிக்கைப் பட்டியலோடு போகாதீர்கள். பொட்டு வைத்த வரைபடம், எண்ணிய நோட்டு, புளியங்கொட்டைக் கணக்கு மூன்றையும் கொண்டுபோய், கூடவே பூங்காவில் ஒரு சுற்று நடக்கக் கூப்பிடுங்கள், மாலை ஐந்து மணிக்கு. எங்கள் பொறியாளர் வந்தார். கடப்பா பெஞ்சில் உட்காரச் சொன்னோம். வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

எஸ்டிமேட்டைக் காட்ட மாட்டேன் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். ஆனால் முதல் சந்திப்பிலேயே ஆர்.டி.ஐ. என்று ஆரம்பித்தால் அப்புறம் யாரும் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். முதலில் வாயால் கேளுங்கள்.

காசு எங்கேருந்து வரும்? நாமளும் போடணுமா?

மாநகராட்சியின் சொந்த நிதி, கவுன்சிலரின் வார்டு மேம்பாட்டு நிதி, எம்.எல்.ஏ. தொகுதி நிதி, எம்.பி. நிதி என்று வழி பல. நாமும் போட்டுச் செய்வதற்கு நமக்கு நாமே திட்டம். 1997-98-ல் வந்தது, 2021-ல் நகர்ப்புறங்களுக்கு மறுபடி உயிர் கொடுத்தார்கள். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது மக்கள் தரப்பில் இருந்து வந்தால் மீதியை அரசு தரும்.

இதில் ஒரு சங்கடம் உண்டு, வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அதிகம் பணம் போட்டவர் பூங்காவில் அதிகப் பங்கு தனக்கு என்று நினைத்துக்கொள்வார். பெயர்ப் பலகை கேட்பார், தன் வீட்டுப் பக்கம் இரண்டாவது கேட் கேட்பார். நன்கொடை வாங்கும் முன்பே, யார் எவ்வளவு தந்தாலும் புளியங்கொட்டை பத்துதான் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்.

பேவர் பிளாக் போட்டா நல்லதுதானே? சேறு இருக்காதே.

நடைபாதைக்குப் போடுங்கள். எட்டு வடிவ நடைபாதைக்கும் போடுங்கள்; அது இல்லாத பூங்காவை இப்போது யாரும் பூங்கா என்றே ஒப்புக்கொள்வதில்லை. ஆனால் சதுர அடிக் கணக்கில் பில் போட வசதி என்பதாலோ என்னவோ, பேவர் பிளாக் பரவிக்கொண்டே போகும். மரத்தடியை நெரித்துக்கொண்டு போடுவார்கள். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டராவது மண்ணாக விட வேண்டும் என்று டெல்லி மரங்களுக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே சொன்னது. எஸ்டிமேட்டில் அந்த ஒரு மீட்டரை ஒரு வரியாக எழுத வையுங்கள்.

தண்ணீர் நிற்கும் மூலையை நிரவி மேடாக்கத்தான் எங்கள் ஆட்களும் கேட்டார்கள். மேடாக்கினால் அந்தத் தண்ணீர் எதிர்வீட்டு வாசலுக்குத்தான் போகும். மாநகராட்சியே பல இடங்களில் மழைநீரை உறிஞ்சும் ஸ்பாஞ்ச் பூங்காக்களை அமைத்திருப்பதைச் சொல்லி, அந்த மூலையை இன்னும் கொஞ்சம் பள்ளமாக்கி, நடுவில் உறைகிணறு இறக்கச் சொன்னோம். ஊஞ்சல் மேட்டுக்குப் போய்விட்டது. மழை நின்ற மறுநாளே பள்ளம் காய்ந்துவிடுகிறது.

ஊஞ்சல்னதும் ஞாபகம் வருது: எங்க பார்க்ல ஒரு குழந்தைக்கு ஊஞ்சல் இடிச்சு பல்லு போயிடுச்சு. என்ன பார்க்கணும்?

இரண்டு விஷயம். ஊஞ்சல் தொங்கும் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு முன்னும் பின்னும் காலி இடம் வேண்டும். அந்த வழியாக நடைபாதை போகக் கூடாது. கீழே மணல் வேண்டும், பேவர் பிளாக் கூடாது. கம்பெனிக் கேட்டலாக்கில் இருக்கும் படத்தில் இந்த இடைவெளி தெரியாது. டேப் வைத்து அளந்து, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பாருங்கள்.

மரம் ரெண்டு வெட்டினாத்தான் பிளான் சரியா வரும்னு சொல்றாங்க.

பிளானை மாற்றச் சொல்லுங்கள். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் அந்த இடத்திலேயே பேச்சு முடிந்துவிடும்.

புதிதாக நடுவதானால் புங்கை, பூவரசு, மகிழம், நாவல், புன்னை. வேம்பு எப்படியும் உண்டு, தனியாகச் சொல்லத் தேவையில்லை. 2016 டிசம்பரில் வர்தா புயல் அடித்த மறுநாள் தெருவில் நடந்தவர்களுக்கு நினைவிருக்கும். குப்புறக் கிடந்தவற்றில் மயில்கொன்றை எத்தனை, தூங்குமூஞ்சி எத்தனை என்று. பச்சைச் சுவர்போல உடனே வளரும் என்று கோனோகார்பஸைக் கொண்டுவந்து வைப்பார்கள். தமிழ்நாடு அரசே அதை நடக் கூடாது என்று சொல்லியிருக்கிறது.

மியாவாக்கி காடு போடலாமே, இப்ப அதானே டிரெண்டு?

சென்னையில் கோட்டூர்புரத்தில் 2020-ல் மாநகராட்சி போட்டது. போய்ப் பாருங்கள், அருமையாக வளர்ந்திருக்கிறது. ஆனால் சதுர மீட்டருக்கு மூன்று நாலு கன்று நெருக்கி நடும் முறை அது. உள்ளே நடக்கவும் முடியாது, விளையாடவும் முடியாது. குப்பை கொட்டும் காலி மனைக்குப் பொருத்தம். ஒன்பது கிரவுண்டுப் பூங்காவுக்குள் நான் வேண்டாம் என்பேன்.

பசங்க கிரிக்கெட் ஆடறாங்க, வயசானவங்க மேல பந்து படுது. 'நோ கிரிக்கெட்' போர்டு வெச்சிடலாமா?

வைக்கலாம். போர்டே ஸ்டம்ப் ஆகிவிடும். எங்களுக்கு அப்படித்தான் ஆயிற்று.

பையன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசினோம். இதற்கு முன் யாரும் அவர்களைக் கூப்பிட்டதே இல்லை, திட்டியதோடு சரி. பிட்ச்சின் திசையைத் திருப்பி, நேராக அடித்தால் பந்து காம்பவுண்டுச் சுவரில் படும்படி வைத்தோம். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நடப்பவர்களுக்கு, அதுவரை பையன்களுக்கு. ரப்பர் பந்து மட்டும். சுவரைத் தாண்டினால் அவுட் என்ற விதியை அவர்களே சொன்னார்கள். எதிர்வீட்டு ஜன்னல் தப்பித்தது அதனால்தான். இன்னமும் வாரத்துக்கு ஒரு சண்டை நடக்கிறது. முன்பு தினமும் நடந்தது.

சின்னதுல வந்துக்கிட்டிருந்த பொண்ணுங்க ஆறாவது ஏழாவது போனதும் வர்றதே இல்லையே, ஏன்?

எங்கள் நோட்டிலும் இது தெரிந்தது. ஊரெங்கும் இப்படித்தான் போலிருக்கிறது. வியன்னா நகரத்தில் 1990-களில் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது பத்து வயதைத் தாண்டியதும் சிறுமிகள் வருவது குறைவதையும், பையன்கள் அப்படிக் குறையாததையும் கண்டார்கள். நடுவில் ஒரே ஒரு பெரிய மைதானம் இருந்தால் அதைப் பையன்கள் பிடித்துக்கொள்கிறார்கள். பெண்பிள்ளைகள் இடத்துக்குச் சண்டை போடுவதைவிட வராமலே இருந்துவிடுகிறார்கள். 1999-ல் ஐன்சீட்லர் பூங்காவில் திறந்தவெளியைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார்கள், நடைவழிகளைக் கூட்டினார்கள். பெண்பிள்ளைகள் திரும்ப வந்தார்கள்.

எங்கள் பிள்ளைகள் கேட்டது ஷட்டில் ஆட ஒரு இடம், எதிரெதிரே உட்கார்ந்து பேச இரண்டு பெஞ்ச், மோட்டார் ரூமுக்குப் பின்னால் விளக்கு. வரிசையாகப் போடும் பெஞ்சில் பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம், அரட்டை அடிக்க முடியாது என்றாள் ஒருத்தி. உண்மைதானே?

சக்கர நாற்காலிக்கு ரேம்ப் இருக்குன்னு சொல்றாங்க, ஆனா எங்க பாட்டியை உள்ள கூட்டிட்டுப் போக முடியலை.

சரிவை அளந்து பாருங்கள். ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒரு அடிக்கு நாலடி நீளத்தில் போட்டுவிட்டு அதையும் ரேம்ப் என்பார்கள், அது சறுக்குமரம். அடுத்து வாசல். மாடும் பைக்கும் நுழையக் கூடாது என்று வளைத்து வளைத்துக் கம்பி வைப்பார்கள், மாட்டோடு சேர்த்துப் பாட்டியும் வெளியே நிற்க வேண்டியதுதான். கம்பிகளுக்கு நடுவே 90 சென்டிமீட்டராவது கேளுங்கள். பைக் வந்தால் காவலாளி பார்த்துக்கொள்ளட்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடுவதற்கென்றே சாந்தோமில் மாநகராட்சி ஒரு பூங்கா அமைத்திருக்கிறது. பொறியாளரை ஒப்புக்கொள்ள வைக்க ஒரு மாதிரி வேண்டுமானால் அதைச் சொல்லுங்கள்.

கழிப்பறை வேணும்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா அவங்கவங்க வீட்டுக்கு எதிர்ல வேண்டாங்கறாங்க. என்ன பண்றது?

இதற்குத்தான் எங்களுக்கு நாலு மாதம் ஆயிற்று. கிண்ணத்தில் கழிப்பறைக்கு நிறைய கொட்டை விழுந்தது, குறிப்பாகப் பெண்களிடம் இருந்தும் சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் இருந்தும். இடம் குறித்ததும் மூன்று வீட்டுக்காரர்கள் எதிர்ப்பு மனு கொடுத்துவிட்டார்கள். பொதுக் கூட்டத்தில் பேசியிருந்தால் ரகளை. தனித்தனியாக வீட்டுக்குப் போய், காபி குடித்து, என்ன பயம் என்று கேட்டோம். நாற்றம், கதவு தங்கள் வாசலைப் பார்த்து இருப்பது, ராத்திரியில் குடிகாரர்கள். மூன்று வீட்டிலும் இதே மூன்று.

கதவைப் பூங்காவின் உள்பக்கம் பார்த்து வைத்தோம், செப்டிக் டேங்க் வேண்டாம், கழிவுநீர் இணைப்பு என்று எஸ்டிமேட்டில் எழுத வைத்தோம், ராத்திரி பூங்கா பூட்டும்போது அதுவும் பூட்டு. இரண்டு வீட்டுக்காரர்கள் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

பார்க்குக்குள்ள ஒரு சின்னப் பிள்ளையார் கோயில் கட்டிக்கலாமான்னு கேக்கறாங்க. முடியாதுன்னு எப்படிச் சொல்றது?

நீங்கள் சொல்ல வேண்டாம், உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுத் தெரு, பொதுப் பூங்கா போன்ற இடங்களில் எந்த மதத்தின் வழிபாட்டுத் தலமும் புதிதாகக் கட்ட அனுமதிக்கக் கூடாது என்று 2009-ல் உத்தரவிட்டது. பிள்ளையாரை மறுத்த பழி உங்கள் தலையில் விழாமல் இருக்க, இதை நலச்சங்கத்தின் முதல் கூட்டத்திலேயே படித்துக் குறிப்பில் ஏற்றிவிடுங்கள்.

கேமரா வெச்சு, சாயங்காலம் ஏழு மணிக்கே பூட்டிட்டா தொந்தரவு இருக்காதே?

பூட்டினால் தொந்தரவும் இருக்காது, பூங்காவும் இருக்காது. அண்ணா நகர் டவர் பூங்காவின் கோபுரத்தைப் பாதுகாப்புக் காரணத்துக்காக 2011-ல் மூடினார்கள்; கம்பித் தடுப்பெல்லாம் போட்டுத் திரும்பத் திறக்க 2023 ஆயிற்று. நம் தெருப் பூங்காவிலும் ஒருமுறை பூட்டு விழுந்தால் எடுப்பது கடினம். மேலே சொன்ன சிவப்புப் பொட்டு மூலைக்கு ஒரு விளக்கைப் போட்டு, சுவரை இடித்து கிரில் வைத்துத் தெருவில் இருந்து பார்த்தால் தெரியும்படி செய்தோம். கேமராவும் இருக்கிறது. அது ஓடுகிறதா என்று நான் பார்த்ததில்லை.

ஒரு கம்பெனி தத்தெடுத்துக்கறோம்னு வந்திருக்கு. நம்பலாமா?

நம்பலாம், எழுதி வாங்கிக்கொண்டு. மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவைச் சுந்தரம் ஃபைனான்ஸ் பல ஆண்டுகளாகப் பராமரிக்கிறது. காலை நேரக் கச்சேரிகூட நடக்கிறது. நன்றாக நடந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அது போதும். ஒப்பந்தத்தில் மூன்றை மட்டும் பாருங்கள்: எத்தனை ஆண்டு, விளம்பரப் பலகை எத்தனை, திறக்கும் நேரத்தை முடிவு செய்வது யார்.

வேலை நடக்கும்போது நாம போய்க் கேள்வி கேட்டா கான்ட்ராக்டர் கோவிச்சுக்கறார்.

தினம் பத்துப் பேர் போய்ப் பத்து விதமாகச் சொன்னால் யாருக்கும் கோபம் வரும். இரண்டு பேரை நியமியுங்கள். அவர்கள் எஸ்டிமேட் பிரதியோடு போகட்டும், வேலையாளிடம் பேசாமல் உதவிப் பொறியாளரிடம் மட்டும் பேசட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் மாதிரியைச் சான்றளித்து வாங்கவும்கூட உரிமை இருக்கிறது. நாங்கள் அதுவரை போக நேரவில்லை. மண்ணுக்குக் கீழே போகும் வேலைகளை, குழாய், வடிகால், உறைகிணறு, மூடுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள்.

கருத்தெல்லாம் கேட்டாங்க. ஆனா நான் சொன்னது ஒண்ணுமே வரலையே?

இந்தக் கேள்வி வரும் என்று தெரிந்துதான் ஒரு வேலை செய்தோம். யார் பெயரும் போடாமல், வந்த கோரிக்கை அத்தனையையும் எழுதி, எதிரே 'செய்தது', 'செய்யாதது', 'ஏன்' என்று மூன்று கட்டம் போட்டு, லேமினேட் செய்து கேட்டில் மாட்டினோம். நீரூற்று: செய்யவில்லை, தேங்கினால் டெங்கு கொசு, ஓடினால் கரண்ட் பில். ஓபன் ஜிம்: நாலு கருவி மட்டும், புளியங்கொட்டைக் கணக்கு. குடிநீர், பகல் நேரத் திறப்பு: செய்தது. 'ஏன்' என்பதைப் படித்தவர்களில் பாதிப் பேர் சமாதானம் ஆகிவிட்டார்கள். மீதிப் பேர் அந்த 'ஏன்' சரியில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். அதில் இரண்டு இடத்தில் அவர்கள் சொன்னதுதான் சரி, திருத்தி எழுதினோம்.

அந்தத் தாள் இன்னும் கேட்டில்தான் தொங்குகிறது, வெயிலில் பாதி வெளுத்துப்போய். கடைசி வரியில் 'புத்தக அலமாரி: அடுத்த ஆண்டு' என்று இருக்கும். அதற்குப் பக்கத்தில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருக்கிறார்கள்: 'எந்த ஆண்டு?'